ஒரே கன்சோலா, பல கன்சோல்களா?

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்ததற்காக என் அக்கா மகனுக்கு வீட்டில் வீடியோ கேம் ஆடும் பெட்டியான கன்சோல் ஒன்று வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, நின்டெண்டோவா என்று முடிவுக்கு வர முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தவன், ஒரு தாளில் தனக்குப் பிடித்த கேம்களின் பெயர்களை ஒரு பக்கமும் கன்சோல்களின் பெயர்களை மறுபக்கமும் எழுதி, எது எதில் ஓடும் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தான். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தாளே சிக்கலாகிப் போனதும் பேனாவை வைத்துவிட்டு, "எல்லா கேமும் ஒரே பெட்டியில ஓடுனா இந்தத் தலைவலியே இல்லையே மாமா, எதுக்கு மூணு கம்பெனி?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. டிவிடி நம்மூரில் எந்தக் கடையில் வாங்கியதானாலும் எந்த நிறுவனத்தின் பிளேயரிலும் ஓடியது. கேம் மட்டும் ஏன் அப்படி ஓடக் கூடாது? எந்தப் பெட்டியை வாங்குவது என்ற முடிவும் இதற்கு நாம் காணும் விடையைப் பொறுத்தே மாறும் என்பதால், முதலில் இதை எடுத்துக்கொள்கிறேன். வழிகள் மூன்று. ஒரே நிறுவனத்தின் கன்சோல் மட்டும் சந்தையில் இருப்பது ஒன்று. ஒரு பொதுத் தரத்தை வகுத்து, அதன்படி பல நிறுவனங்கள் கன்சோல் செய்வது இன்னொன்று. ஒன்றோடொன்று பொருந்தாத பல கன்சோல்கள் போட்டியிடுவது மூன்றாவது. இப்போது நாம் இருப்பது இதில்தான். மூன்றுமே ஏதாவது ஒரு காலத்தில் நடந்து பார்த்தவை.

1980களின் பிற்பாதியில் அமெரிக்கா கண்டது ஏறக்குறைய முதல் வழியைத்தான். 1983-ல் தரமற்ற கேம்கள் கடைகளில் குவிந்து அங்கே வீடியோ கேம் சந்தை சரிந்து கிடந்த நிலையில், 1985-ல் நின்டெண்டோ தன் என்.இ.எஸ். கன்சோலுடன் நுழைந்தது. தன் அனுமதி பெறாத கேம் ஓடாதபடி கன்சோலுக்குள் ஒரு பூட்டுச் சிப்பை வைத்தது. கேம் எழுதும் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஐந்து கேம்களுக்கு மேல் வெளியிடக் கூடாது, வெளியிட்ட கேமை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு கன்சோலுக்குத் தரக் கூடாது, கேம் பதிந்த கார்ட்ரிட்ஜ் என்ற செருகு பெட்டிகளை நின்டெண்டோவிடமே காசு கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும் என்பவை நிபந்தனைகள். சரிந்த சந்தையில் நம்பிக்கையை மீட்க இந்தக் கண்டிப்பு உதவியது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கன்சோலில் வந்த கேம்கள் பலவற்றின் தரத்தை இன்றும் ரசிக்கலாம். ஆனால் கண்டிப்பு கேம்களின் தரத்தோடு நிற்கவில்லை. கன்சோலைக் குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்று கடைக்காரர்களை நெருக்கியதாக எழுந்த வழக்கில், 1991-ல் அந்நிறுவனம் அமெரிக்க அரசுத் தரப்புடன் சமரசம் செய்துகொண்டு, வாங்கியவர்களுக்கு 5 டாலர் தள்ளுபடிக் கூப்பன் தர ஒப்புக்கொண்டது.

நிலைமையை மாற்றியது வழக்கைவிடப் போட்டிதான். 1989-ல் சேகா தன் ஜெனிசிஸ் கன்சோலை அமெரிக்காவில் இறக்கியது. 1991-ல் நின்டெண்டோவின் அடுத்த கன்சோல் 199 டாலருக்கு வந்தபோது, சேகா தன்னுடையதை 149 டாலராகக் குறைத்து, புத்தம் புதிய சோனிக் கேமையும் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தது. கேம் எழுதுபவர்களுக்கும் அப்போதுதான் பேரம் பேச இடம் கிடைத்தது. கேம் எழுதும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் சேகாவின் கன்சோலைத் தானாகவே பிரித்து ஆராய்ந்து, அனுமதியின்றியே கேம் வெளியிட முடியும் என்று காட்டி, மற்றவர்களைவிட நல்ல ஒப்பந்தத்தைப் பெற்றது. இரண்டாவது கடை திறந்தால் முதல் கடையின் முதலாளி வாடிக்கையாளரை நிமிர்ந்து பார்க்கிறார். ஆகவே முதல் வழியை நான் எந்தத் தயக்கமும் இன்றி ஒதுக்குகிறேன்.

இரண்டாவது வழியை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது, ஏனென்றால் என் மருமகன் மனத்தில் இருப்பது அதுதான். 1983-ல் ஜப்பானில் எம்.எஸ்.எக்ஸ். என்ற பொதுத் தரத்தில் சோனி உட்படப் பல நிறுவனங்கள் வீட்டுக் கணினிகள் செய்தன. அதே ஆண்டு வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோல் கேம் உலகில் அவற்றை முந்திச் சென்றது. கன்சோலுக்கென்றே இதைச் செய்து பார்த்தவர் டிரிப் ஹாக்கின்ஸ். அவருடைய 3டிஓ நிறுவனம் வடிவமைப்பை மட்டும் வகுத்து, பானசோனிக், கோல்டுஸ்டார், சான்யோ ஆகியவற்றுக்கு உரிமம் கொடுத்தது. 1993-ல் பானசோனிக் வெளியிட்ட முதல் 3டிஓ கன்சோலின் விலை 699 டாலர். சில ஆண்டுகளிலேயே அது மறைந்துபோனது.

அந்த விலைக்குக் காரணம் வணிக அமைப்பிலேயே இருந்தது. பிளேஸ்டேஷனை விற்கும் சோனியோ எக்ஸ்பாக்ஸை விற்கும் மைக்ரோசாஃப்டோ கன்சோலை அடக்க விலைக்கு அருகில், சில சமயம் அதற்கும் கீழே விற்று, விற்கும் ஒவ்வொரு கேமிலும் பங்கு எடுத்து அந்த இழப்பை ஈடுகட்டுகின்றன. 3டிஓவில் கேம்களிலிருந்து வரும் உரிமத்தொகை வடிவமைத்தவருக்குப் போனது. பெட்டி செய்த நிறுவனங்களோ பெட்டியிலேயே லாபம் பார்த்தாக வேண்டியிருந்தது. அதனால் பொதுத் தரம் என்றால் மலிவு என்ற எதிர்பார்ப்பு கன்சோலில் தலைகீழானது.

டிவிடி ஒப்புமை பொருந்தாததற்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. திரைப்படம் பார்ப்பவரின் கையிடம் எதையும் கேட்பதில்லை. பிளேயர் எதுவானாலும் படம் அதே படம். கேம் கையைக் கேட்கிறது. விரல் எங்கே அழுத்துகிறது, கருவி எவ்வளவு எடை, அது மேசையில் இருக்கிறதா மடியில் இருக்கிறதா, எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா நால்வரா என்பவையெல்லாம் கேமின் உள்ளடக்கத்திலேயே சேர்ந்தவை. அவற்றை ஒரு குழு கூடித் தரமாக வகுத்துவிட்டால், அந்தக் குழு கூடிய ஆண்டுக்குத் தெரிந்த கேம்கள் மட்டுமே அதன் பிறகும் பிறந்துகொண்டிருக்கும் என்பது என் அச்சம்.

இந்த அச்சம் வெறும் கற்பனை அன்று என்பதற்கு, மூன்றாவது வழியில் நிகழ்ந்தவையே சான்று. 1996-ல் நின்டெண்டோ 64 வந்தபோது அதன் கன்ட்ரோலரின் நடுவே கட்டைவிரலால் அசைக்கும் சிறு தண்டு ஒன்று இருந்தது. முப்பரிமாண உலகில் மெதுவாக நடக்கவும் வேகமாக ஓடவும் அதனால் முடிந்தது. மறு ஆண்டே சோனி இரண்டு தண்டுகள் கொண்ட கன்ட்ரோலரை வெளியிட்டது. இன்று பெரும்பாலான கன்ட்ரோலர்களில் அந்த இரண்டு தண்டுகள் இருக்கும். அதே நின்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜையே நம்பியிருந்தது. அதில் அதிகபட்சம் 64 மெகாபைட் அடங்கும், பிளேஸ்டேஷனின் சிடியிலோ ஏறத்தாழ 650 மெகாபைட் அடங்கும். அதுவரை நின்டெண்டோவில் வந்த ஃபைனல் ஃபேண்டஸி வரிசையின் ஏழாவது கேம் 1997-ல் மூன்று சிடிகளில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது அதனால்தான். ஒரே தலைமுறையில் ஒருவர் கையைப் பற்றிச் சரியாக யோசித்தார், இன்னொருவர் சேமிப்பைப் பற்றிச் சரியாக யோசித்தார். கன்சோல் ஒன்றே ஒன்றாக இருந்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றை நாம் நெடுநாள் இழந்திருப்போம்.

2006 இன்னும் தெளிவான உதாரணம். சோனியின் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர் விலைகளில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த எக்ஸ்பாக்ஸ் 360-ன் விலைகள் 299, 399 டாலர். இரண்டும் மேலும் மேலும் துல்லியமான படங்களைத் துரத்திக்கொண்டிருந்தன. நின்டெண்டோவோ அந்த ஓட்டத்திலிருந்து விலகி, உயர்துல்லியப் படம்கூட இல்லாத வீ என்ற கன்சோலை 249 டாலருக்கு விற்றது. தொலைக்காட்சி ரிமோட் போன்ற ஒன்றைக் கையில் பிடித்து வீசினால் திரையில் பந்து உருளும். பட்டன்களைக் கண்டு மிரண்ட பாட்டிமார்கள் அதை எடுத்து வீசினார்கள். அமெரிக்க முதியோர் இல்லங்களில் வீ பவுலிங் போட்டிகள் நடந்தன. 10 கோடிக்கு மேல் விற்று, வலிமை மிக்க இரு போட்டியாளர்களையும் அது மிஞ்சியது. பிளேஸ்டேஷன் 3-ன் விலை 2009-ல் 299 டாலருக்கு இறங்கியதில் இந்தப் போட்டிக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

விலை விஷயத்தில் 2002 மே மாதம் நடந்தது இன்னும் நேரடியானது. சோனி பிளேஸ்டேஷன் 2-ஐ 299 டாலரிலிருந்து 199 டாலராகக் குறைத்தது. மறுநாளே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸை அதே அளவு குறைத்தது. அடுத்த சில நாள்களில் நின்டெண்டோ கேம்கியூபை 149 டாலருக்கு இறக்கியது.

ஆனால் நம்மூரில் கேம் ஆடுபவர்கள் மறக்கக் கூடாத நிகழ்ச்சி 2013 ஜூனில் நடந்ததுதான். மைக்ரோசாஃப்ட் தன் புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கு வகுத்த விதிகளின்படி, அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும், இல்லையென்றால் கேம் ஓடாது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்கை நண்பனுக்குத் தருவதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. விலை 499 டாலர். அந்த மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 என்ற கேம் கண்காட்சியில் சோனி, பிளேஸ்டேஷன் 4-க்கு 399 டாலர் என்று அறிவித்து, பழைய டிஸ்குகளுக்கு எந்தத் தடையும் இல்லை என்றும் சொன்னது. கேமை எப்படிப் பகிர்வது என்று விளக்குவதாக ஒரு காணொளியையும் வெளியிட்டது. அதில் சோனியின் ஷூஹே யோஷிடா டிஸ்க் பெட்டியை எடுத்து அருகில் நிற்பவர் கையில் கொடுக்கிறார், அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஓடாது. அடுத்த பத்து நாள்களுக்குள், ஜூன் 19 அன்று, மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளைக் கைவிட்டது.

சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு புதிய கேமின் விலை பலருக்கு ஒரு வாரக் கூலியாக இருக்கும் ஊரில், மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து நான்கு டிஸ்க் வாங்கி, மாற்றி மாற்றி ஆடி, முடித்ததை விற்று அடுத்ததை வாங்குகிறார்கள். அந்த வாழ்க்கையை ஒரு விதி முடித்திருக்கும். அந்த விதி எழுதப்பட்ட அறையில் நம்மூர்ப் பையன்களைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அதைத் தடுத்தது வாங்குபவர்களின் கோபம் மட்டும் அன்று; கோபப்பட்டவர்கள் போவதற்கு இன்னொரு கடை திறந்திருந்ததுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதை மறைப்பது சரியாகாது. பல கன்சோல்கள் என்றால் ஒரு கேமுக்காக ஒரு பெட்டி வாங்க வேண்டிய நிலை வருகிறது. சிறு குழுவாகக் கேம் எழுதுபவர்கள் ஒவ்வொரு கன்சோலுக்கும் தனித்தனியாக வேலை செய்து, தனித்தனியாக ஒப்புதல் பெற வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு நண்பன் வேறு பெட்டி வைத்திருந்தால் நெடுங்காலம் இருவரும் இணையத்தில் சேர்ந்து ஆட முடியவில்லை. பிளேஸ்டேஷன் 4-ல் ஃபோர்ட்நைட் என்ற இணையக் கேமை ஆடியவர்கள், அதே கணக்கைக் கொண்டு 2018-ல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் நுழையவே முடியவில்லை. எதிர்ப்பு வலுத்த பிறகு அந்த ஆண்டு செப்டம்பரில் சோனி இணங்கியது. டிஜிட்டலாக வாங்கிய கேம் இன்றும் அந்தக் கன்சோலின் கடையோடு கட்டுண்டு கிடக்கிறது. நின்டெண்டோ 2023 மார்ச்சில் வீ யு, 3டிஎஸ் என்ற தன் பழைய கன்சோல்களின் இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியபோது, டிஸ்கிலோ கார்ட்ரிட்ஜிலோ வராத பல கேம்களை வாங்க முறையான வழியே இல்லாமல் போனது.

இந்தக் குறைகளை ஒன்றாகப் பார்க்கும்போது எனக்கு ஒரு வேறுபாடு தெரிகிறது. வடிவத்தில் இருக்கும் வேறுபாடு நமக்கு ஏதோ ஒன்றைச் சேர்த்துத் தருகிறது. பூட்டில் இருக்கும் வேறுபாடு இருப்பதைப் பிடித்துவைக்கிறது. முதலாவதை விரும்புபவர் இரண்டாவதை ஏற்றாக வேண்டும் என்பதில்லை.

பன்மை என்று நாம் சொல்வது எதை என்பதையும் இங்கே கேட்க வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் இருந்தவை நின்டெண்டோ அல்ல. ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள். கார்ட்ரிட்ஜை நாங்கள் கேசட் என்போம். பிறந்தநாளுக்கு எனக்குக் கிடைத்த மஞ்சள் கேசட்டின் மேல் "9999 இன் 1" என்று அச்சிட்டிருந்தது. கன்சோலில் செருகியதும் தொலைக்காட்சியில் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடியது. ஒரு கோடை விடுமுறையில் நானும் என் நண்பனும் நோட்டு வைத்துக்கொண்டு வரிசையாக ஆடி எழுதினோம். நாற்பதைத் தாண்டுவதற்குள் முதல் கேமே வேறு பெயரில் திரும்ப வந்தது. இரண்டாவது கட்டத்திலிருந்து தொடங்கும், அல்லது கூடுதலாக இரண்டு உயிர் இருக்கும், அதுதான் வித்தியாசம். எண்ணிக்கை வேறு, வகை வேறு என்பது எனக்கு அன்றே உறைத்துவிட்டது.

இன்றைய கன்சோல்களை அந்த நோட்டை வைத்துக்கொண்டு பார்த்தால் என்ன தெரிகிறது? பிளேஸ்டேஷன் 5-ம் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸும் 2020 நவம்பரில் இரண்டு நாள் இடைவெளியில் வந்தவை. இரண்டிலும் ஏஎம்டி நிறுவனத்தின் எட்டு கோர் சிப், இரண்டிலும் 16 ஜிபி நினைவகம். ஒன்றில் சேமிப்பு வேகமானது, மற்றதில் கிராபிக்ஸ் சற்று வலிமையானது. ஒரே கேமை இரண்டிலும் ஓடவிட்டால் வித்தியாசம் காணப் பெரும்பாலும் உருப்பெருக்கி வேண்டும். இவற்றுக்கிடையே இருக்கும் உண்மையான வேறுபாடு விதிகளில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2017-ல் மாதக் கட்டணத்தில் பல கேம்களை ஆடவிடும் கேம் பாஸ் என்ற சந்தாவைத் தொடங்கியது. சோனி 2022-ல் தன் சந்தாவை விரிவாக்கியது அதன் பின்னணியில்தான். கை முழுமையாக இயங்காதவர்களுக்கென மைக்ரோசாஃப்ட் 2018-ல் வெளியிட்ட அடாப்டிவ் கன்ட்ரோலரை நான் ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பலகையில் உள்ளங்கையாலோ முழங்கையாலோ அழுத்தும்படி இரண்டு பெரிய கறுப்பு வட்டங்கள். பின்விளிம்பில் வரிசையாகப் பத்தொன்பது துளைகள், ஒவ்வொன்றிலும் கால் மிதியையோ வேறு பட்டனையோ செருகிக்கொள்ளலாம். சோனியின் ஆக்சஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது. போட்டியின் பயன்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆகவே மைக்ரோசாஃப்ட் விலகினால் நாம் இழப்பது ஒரு மாற்று விதிமுறையை. நின்டெண்டோ விலகினால் இழப்பது ஒரு மாற்று வடிவத்தை. 2017-ல் வந்த ஸ்விட்ச், தொலைக்காட்சியில் ஆடும் கன்சோலையும் கையில் எடுத்துச் செல்லும் கன்சோலையும் ஒன்றாக்கி 15 கோடிக்கு மேல் விற்றது. அதன் பிறகு 2022-ல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற கைக்கருவியைக் கொண்டுவந்தது, 2025-ல் எக்ஸ்பாக்ஸ் பெயரிலேயே ஒரு கைக்கருவி வந்தது.

விதிகளின் பன்மை இப்போது மெலிந்து வருவது எனக்குக் கவலை அளிக்கிறது. எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் உரியவையாக இருந்த கேம்களை மைக்ரோசாஃப்ட் 2024 முதல் போட்டிக் கன்சோல்களிலும் வெளியிடத் தொடங்கியிருக்கிறது. கேம் ஆடுபவருக்கு அது உடனடி நன்மைதான். ஆனால் தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாத பெட்டியை வாங்க எத்தனை பேர் வருவார்கள்? 499 டாலருக்கு வந்த சீரீஸ் எக்ஸ் 2025 அக்டோபரில் அமெரிக்காவில் 649 டாலர் ஆனது. பிளேஸ்டேஷன் 5 அதே ஆண்டு 549 டாலர் ஆனது. காரணங்கள் பல இருக்கலாம். எனினும், ஆண்டுகள் போகப் போகக் கன்சோல் மலிவாகும் என்று 2002-ல் கண்ட வழக்கம் தலைகீழாகிவிட்டது.

இனி என் மருமகனின் தாளுக்கு வருகிறேன். தனியாக, பெரிய கதைக் கேம்களை ஆட விரும்பி, டிஸ்க் மாற்றிக்கொள்ள நண்பர்களும் இருப்பவருக்கு, டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 பொருத்தமானது. டிஜிட்டல் மட்டுமே உள்ள வகையை வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும், ஆனால் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தாதவரை பழைய டிஸ்க் சந்தை மூடியே கிடக்கும். வேகமான இணையம் இருந்து, சொந்தமாக வைத்துக்கொள்வதைவிடப் பலவற்றை ஆடிப் பார்ப்பதே ஆசை என்றால் எக்ஸ்பாக்ஸின் விலை குறைந்த வகையான சீரீஸ் எஸ்ஸும் சந்தாவும் போதும். சந்தாவை நிறுத்தினால் கேம்களும் போய்விடும் என்பதை அறிந்து வாங்க வேண்டும். ஸ்விட்ச்சை நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை; இறக்குமதியாக வருவதைத்தான் வாங்க வேண்டும், பழுதானால் கடைக்காரரின் வாக்குறுதியே துணை. கேம்களின் விலையும் எளிதில் இறங்குவதில்லை.

இவற்றோடு நான் சேர்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: நீங்கள் போய்வரும் வீடுகளில் எது இல்லையோ அதை வாங்குங்கள். நண்பர்களோடு இணையத்தில் ஒரே கேமைத்தான் ஆடப் போகிறீர்கள், அது எல்லாக் கன்சோல்களையும் இணைக்காத கேம் என்றால் மட்டும் இதற்கு விலக்கு. எதிர்வீட்டு நண்பனிடம் ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது, சனிக்கிழமை முழுக்க இவன் அங்கேதான் கிடக்கிறான். அதே பெட்டியைத் தன் வீட்டிலும் வைத்தால் தெருவில் இரண்டு கன்சோல்களும் ஒரே வகைக் கேம்களுமே இருக்கும். இவன் வீட்டிலோ ஒன்பது வயதுத் தங்கை இருக்கிறாள். அண்ணன் கன்ட்ரோலரைத் தர மாட்டான் என்று இப்போதே அழுகிறாள்.

பழுதுபார்ப்புச் சிக்கலை அக்காவிடம் விளக்கிச் சொல்லிவிட்டு, ஸ்விட்ச் வாங்கலாம் என்று முடிவுசெய்தோம். கடையில் வைத்திருந்ததை எடுத்து, திரையின் இருபுறமும் செருகியிருந்த சிறு கன்ட்ரோலர்களைக் கழற்றிக் காட்டினேன். சிவப்பை அவன் எடுத்துக்கொண்டான். நீலத்தைத் தங்கையிடம் நீட்டி, "இது உனக்கு, பட்டனைக் கட்டைவிரல்ல அழுத்து" என்றான்.